பள்ளிக்கூடம் போய் வந்த கார்ட்டன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
3.8.1986

அன்புள்ள லோகு அப்பாவுக்கு, நவமணி எழுதுவது.

முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம். இந்தக் கடிதம் சிங்கப்பூர் கப்பல் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து நீங்கள் நிற்கும் துறைமுகத்தைத் தேடி வருவதற்குள் அந்த நலம் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எஞ்சின் அறைச் சூட்டில் வேர்க்குரு போட்டிருக்கும். பவுடர் டப்பாவைப் பெட்டியில் துணிகளுக்கு அடியில்தான் வைத்தேன், தேடிப் பாருங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது. பதினோராவது மாடிக்கு அரிசி மூட்டையை லோகுதான் தூக்கி வந்தான். பாயான் லெப்பாஸ் பாக்டரியில் என்னை இரவு சிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். தலைமுடியை விட மெல்லிய கம்பியை விடிய விடிய மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒட்டிவிட்டு, பாக்டரி பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தால், அடுப்பில் இருக்கும் சட்டி எனக்கு இரண்டாகத் தெரிகிறது. மீனாட்சிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கும்வரை அடுத்த பல் விழக் கூடாது என்று கையால் பிடித்துக்கொண்டு திரிகிறாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கப்பலில் இருப்பவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் எனக்கும் சொல்ல வேறு ஆள் இல்லை.

லோகுவைச் சிகரெட்டோடு பிடித்துவிட்டார்கள். ஹாக்கி மட்டை வைக்கும் பையில் பாதி காலியான பாக்கெட் ஒன்று இருந்ததாம். பிடித்தவர் சற்குணம் சார். அவர்தான் கட்டொழுங்கு ஆசிரியர், ஹாக்கி சொல்லிக்கொடுப்பவரும் அவரே. காலையில் எல்லா மாணவர்களும் கூடி நிற்க, மேடையில் வைத்து ரோத்தான் பிரம்பால் அடி கொடுத்தார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிட்டான், அதில்தான் எனக்குத் தெரிந்தது.

அடி வலி ஆறிவிடும். எனக்குக் கவலை அதுவல்ல. மாநில இளையோர் அணித் தேர்வுக்குப் பள்ளியிலிருந்து யார் பெயர் போக வேண்டும் என்று முடிவு செய்வது சற்குணம் சார். போன மாதம் வரை லோகு பெயர் நிச்சயம் என்றிருந்தார். படிப்பில் நம் பிள்ளை எப்படி என்று உங்களுக்கே தெரியும். மாநிலத்துக்கு ஆடினால் நாளைக்குப் போலீசிலோ பேங்கிலோ ஆட்டக்காரன் என்று சொல்லி வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மட்டை பிடித்த கைக்கு அதுதான் வழி. இல்லாவிட்டால் அவனும் கப்பல்தான். வீட்டில் ஒருவர் கப்பலில் இருப்பது போதும்.

பள்ளியில் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். கடலில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் நீங்கள் வாருங்கள் என்றார்கள். வியாழக்கிழமை காலை போகிறேன். நீங்கள் போன முறை கொண்டுவந்த சிகரெட் கார்ட்டன்கள் அலமாரியின் அடித்தட்டில் இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்றைச் சாருக்கு எடுத்துப் போகிறேன். போன தீபாவளிக்குக் கொடுத்ததை நல்ல சரக்கு என்று அவர் உங்களிடமே சொன்னாரே. வெறுங்கை முழம் போடுமா என்று நீங்கள் சொல்வது சரிதான். லிப்ட் பார்க்க வருகிறவர்கூடப் பாக்கெட்டைக் கண்ணில் காட்டினால்தான் கருவிப் பெட்டியைத் திறக்கிறார். வியாழக்கிழமை இரவு லீவுக்கும் சூப்பர்வைசர் அலாவுதீனுக்கு இரண்டு பாக்கெட் போயிற்று.

சாருடையதைப் பூப்போட்ட தாளில் சுற்றி வைத்துவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது. பிள்ளைக்காகச் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நவமணி

---

ஆயர் ஈத்தாம்
10.8.1986

அன்புள்ள லோகு அப்பாவுக்கு,

போன கடிதம் கிடைத்திருந்தால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அடித்துக்கொள்ளாமல், நல்ல காரியம் செய்தாள் என்று நினைத்தீர்களோ என்பதுதான் என் பயம்.

வியாழக்கிழமை சிப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூட வராமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கார்ட்டன் பையில் இருந்தது. சற்குணம் சார் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். மரியாதையான மனிதர். பொட்டலத்தை மேசையில் வைத்தேன். கேக்கா என்று கேட்டார். பிள்ளை விஷயமாக வந்திருக்கிறேன், வெறுங்கையோடு வர மனசு வரவில்லை என்றேன். தாளின் ஓரத்தை லேசாகக் கிழித்துப் பார்த்தார். உள்ளே கார்ட்டனின் தங்கநிறம் தெரிந்தது.

சார் மேசை இழுப்பறையைத் திறந்து, லோகுவிடம் பிடித்த பாக்கெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே தங்கநிறம், அதே பெட்டி. நம் வீட்டு அலமாரியில் இருந்து போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீனாட்சி மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதுவரை உறைக்கவே இல்லை. சிகரெட் குடித்து அடிவாங்கிய பிள்ளைக்குப் பரிந்து பேச, சிகரெட்டையே பூப்போட்ட தாளில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறேன். இப்படி ஒரு தாய் பினாங்கிலேயே இருக்க மாட்டாள். தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத்தானே சுற்றினேன்?

சார் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. போன வருசம் நீங்க தந்ததை வாங்கிக் குடிச்சவனும் நான்தான், அதே சிகரெட்டுக்கு உங்கட மகனை அடிச்சவனும் நான்தான், என்ன செய்யிறது அம்மா என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் அல்லவா, அந்தப் பேச்சில் கேட்கும்போது இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மேசையில் ஒரு சாம்பல் கிண்ணம் இருந்தது. அதிலும் ஒரு சிகரெட் கம்பெனியின் பெயர். இந்த மாதம் நடக்கிற கோப்பைப் போட்டியை அந்தக் கம்பெனிதான் நடத்துகிறதாம். பிள்ளைகளுக்குக் கொடுத்த ஜெர்சியிலும் முதுகு நிறைய அதே பெயர்தான். நான்தானே அதைத் துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா! குடித்தால் ரோத்தான், முதுகில் போட்டுக்கொண்டு ஓடினால் கோப்பை. நான் இதைச் சொல்லவில்லை. சொல்கிற நிலைமையிலா இருந்தேன்? ஆனால் அவரே கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவர் முடிவாகச் சொன்னது இது. கோப்பைப் போட்டியில் லோகு இல்லை. மாநிலத் தேர்வுக்குப் பெயரை ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன் அனுப்ப வேண்டும், அதுவரை ஒரு வாய்ப்பு. அவன் அப்பா கப்பலில் இருந்து வந்ததும் இங்கே வந்து, எங்கள் வீட்டில் இனிமேல் இந்தப் பெட்டி இருக்காது, பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லட்டும், பெயரை அனுப்புகிறேன் என்றார். நானே சொல்கிறேன் சார் என்றேன். உங்களால் ஏலாது அம்மா, கொண்டுவருகிறவர்தான் சொல்ல வேணும் என்றார்.

கார்ட்டனை என் பக்கம் தள்ளினார். தாள் கிழிந்துவிட்டதால் மறுபடி சுற்ற முடியவில்லை, பையில் போட்டாலும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நான் வெளியே வரவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. திடல் ஓரமாக அத்தனை பிள்ளைகளையும் தாண்டி நடந்தேன். எவனோ ஒருவன் விசில் அடித்தான். குழாயடியில் லோகு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான், திரும்பிக்கொண்டான். அவனுக்கு ரோத்தான் அடி கொடுத்த அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவனைக் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று. கோபமாகக் கேட்கவில்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்கதானம்மா எல்லாருக்கும் கொடுக்கறீங்க. லிப்ட் அங்கிளுக்குக் கொடுத்தீங்க, உங்க பாஸுக்குக் கொடுத்தீங்க, சாருக்கே கொடுத்தீங்க. நானும் சீனியருங்களுக்குக் கொடுத்தேன் லா. கொடுத்தாத்தான் பந்து என் பக்கம் வரும்.” கொடுக்கப் போனவன் கூட நின்று குடிக்கவும் பழகிவிட்டான். விட்டுவிடு சாமி என்றேன். “அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் இழுக்கிறாரு. அவரு விடட்டும், நான் விடறேன்” என்றான்.

 இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

நவமணி

---

ஆயர் ஈத்தாம்
5.10.1986

அன்புள்ள லோகு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தீபாவளிக்கு முன்னால், இந்த மாதக் கடைசியில் வந்துவிடுவீர்கள் என்று படித்ததும் மீனாட்சி வீடு முழுக்கக் குதித்தாள். அடுத்த வரியையும் படித்தேன். கவலைப்படாதே, சாருக்கு இந்தமுறை இரண்டு கார்ட்டனாகக் கொண்டுவருகிறேன், லோகுவுக்கு ஒரு வாட்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுதுவிட்டு சிப்டுக்குப் போனேன். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வருசத்தில் பத்து மாதம் வீட்டில் இல்லாத மனிதர் கையில் எதையாவது கொண்டுவந்தால்தானே அவருக்கும் மனசு ஆறும். அது எனக்குப் புரிகிறது.

கோப்பைப் போட்டி முடிந்துவிட்டது. நம் பள்ளி அரை இறுதியில் தோற்றது. லோகு போய்ப் பார்த்துவிட்டு வந்து, இடது பக்கம் ஆளே இல்லம்மா என்றான். அவன் நிற்கும் இடம் அதுதான். ஜெர்சியைத் துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் முதுகில் இருந்த அந்தத் தங்க எழுத்து மட்டும் வெளுக்கவே இல்லை. நல்ல சாயம்.

அலமாரியில் மிச்சம் இருந்த கார்ட்டன்களை, கீழ்த்தளம் வரை இறங்கும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் போய் வந்ததும் சேர்த்துத்தான். பதினோரு மாடியும் தட்டிக்கொண்டே விழுந்தது. உங்கள் உழைப்பு அது, மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் எனக்குப் பகல் சிப்ட் கேட்க வழியில்லை, அலாவுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். லிப்டும் அப்படியேதான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் காமாரியா காரணம் கேட்டாள். எங்கள் வீட்டு ஸ்டாக் முடிந்துவிட்டது என்றேன்.

லோகு தினமும் பயிற்சிக்குப் போகிறான். இப்போது குடிக்கிறானா என்று கேட்டால், உண்மையாகவே எனக்குத் தெரியாது. சில நாள் வாயில் பெப்பர்மின்ட் வாசனை அடிக்கிறது. சில நாள் ஒன்றுமில்லை. நான் மோந்து பார்ப்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிவது எனக்கும் தெரியும்.  உங்களுக்காகத்தான் காத்திருக்கிறான். என்ன கொண்டுவருவார் என்று சின்ன வயதில் காத்திருந்த மாதிரி இல்லை இது.

சற்குணம் சாரைக் கோயிலில் பார்த்தேன். வந்துவிட்டாரா என்று கேட்டார். மாதக் கடைசியில் என்றேன். அவர் விரலில் மஞ்சள் கறை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சட்டைப் பை காலியாக இருந்தது. ஒருவேளை கோயில் என்பதால் இருக்கலாம்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மீரா சாகிப் கடையில் தீபாவளிச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் லோகுவுக்கும் ஒரே துணி, இளநீலம். இரண்டுக்கும் பாக்கெட் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாக்கெட் இல்லாமல் சட்டையா, பெரியவர் பேனாவை எங்கே வைப்பார் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் பேனா வைக்கிற ஆள் இல்லை பாய் என்றேன். அப்பா இதைப் போடுவாரா என்று லோகு கேட்டான். போடுவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் பேரில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சிகரெட்டை விடுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எஞ்சின் அறையில் அதுதான் உங்களுக்குத் துணை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இருபது வருசத்தில் நான் உங்களிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இப்போதும் வாட்ச் வேண்டாம், சேலை வேண்டாம், சாருக்கு எதுவும் வேண்டாம். வெறுங்கை முழம் போடாது என்பீர்கள். இந்த ஒரு முறை போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் வரும்போது லிப்ட் ஓடாது. பதினோரு மாடியும் ஏற வேண்டும், உங்களுக்கு மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறுங்கள், அவசரம் வேண்டாம். லோகு கீழே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். கனத்தை வைத்தே அவனுக்குத் தெரிந்துவிடும். பெட்டி இலேசாக இருக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
நவமணி