பன்னிரண்டாம் கேள்வி

கள்ளிக்குப்பம்,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

அன்பு ஹெலினாவுக்கு உன் அண்ணி சௌந்தரி எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். நம் தெரு இருதயராஜ் லீவு முடிந்து நாளைக்கு நீ இருக்கும் குவைத்துக்கே புறப்படுகிறான். அவன் கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

நீ அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மூன்று பேர் போட்டி போட்டு எடுத்தார்கள். கமிட்டியார் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். உன் அண்ணனுக்கு டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்திருந்த ஃபிஸ்டுலா போன மாதம் அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் நம் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. ஸ்டாஃப் குடும்பம் என்பதால் கிடைத்த இடம் அது. நான் அங்கே வேலையில் இருக்கும் வரைதான் அந்த இடம்.

ரெனிதா ஏன் வீடியோவில் வருவதில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போன் உடைந்துவிட்டது என்று அவள் சொன்னாள், நானும் ஒத்து ஊதினேன். பொய். உன் மகளை நம் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் ஹெலினா. பதினெட்டு நாள் ஆகிறது. எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். அழுகிற முகத்தை உனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் மாதம் கண்ணம்மா என்ற பெண் பிரஷர் இறங்கி ரெனிதாவின் வார்டில் வந்து சேர்ந்தாள். மண்ணூர்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பிரஷரை ஏற்றும் மருந்தைப் புறங்கை நரம்பில் ஓடவிட்டார்கள். கழுத்தில் பெரிய லைன் போட டாக்டர் வரும் வரை அப்படித்தான் ஓட்டுவோம், உனக்கே தெரியும். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தது. கை வெளுத்து வீங்கியது. எரியுது என்று அவள் சொன்னதும் ரெனிதா மருந்தை நிறுத்தி, ஊசியை எடுத்துவிட்டு, ஐஸ் வைத்தாள்.

நீயும் நானும் படித்த காலத்தில் செய்தது அதுதானே. கை வீங்கினால் ஊசியை எடு, ஐஸ் வை. சும்மா குளுக்கோஸ் இறங்கி வீங்கினால் அதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இந்த மருந்து ரத்தக் குழாயையே சுருக்குகிறது. ஐஸ் வைத்தால் இன்னும் சுருங்கும். ஊசியை அப்படியே விட்டு, அது வழியாகவே உறிஞ்சி எடுத்து, மாற்று மருந்து போட்டு, கதகதப்பாக வைக்க வேண்டும். ரெனிதா ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றி மாற்றி ஐஸ் வைத்திருக்கிறாள். கண்ணம்மாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லித்தரும் வகுப்பை மே மாதம் எடுத்தவள் நான். நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கும்போது காட்ட வேண்டிய வகுப்பு. தரச் சான்றிதழ் இன்ஸ்பெக்ஷனும் வருகிறது, நூற்றுக்கு நூறு அட்டெண்டன்ஸ் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. அன்றைக்கு வார்டில் முப்பது நோயாளிக்கு இரண்டே பேர். ரெனிதா வாசலில் வந்து நின்றாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடு, வீட்டில் சொல்லித் தருகிறேன் என்று நான்தான் அனுப்பினேன். எல்லோரும் செய்வதுதான். வகுப்பின் கடைசியில் எழுத வேண்டிய, இருபது கேள்விகள் கொண்ட தாளிலும் மேலே பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் டிக் அடித்தேன். டிக்கில் யார் கை என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பதற்கு இயல்பாக இருக்கட்டும் என்று இரண்டை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். பன்னிரண்டாம் கேள்வி, இந்த மருந்து கசிந்தால் ஐஸ் வைக்கலாமா என்பது. கூடாது என்று சரியாகத்தான் போட்டிருந்தேன்.

வீட்டில் சொல்லித் தரவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரு தோசை சாப்பிடும் நேரம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

விசாரணையில் அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து சரியாக எழுதிவிட்டு நோயாளியிடம் தப்பாகச் செய்திருக்கிறாயே என்று கேட்டார்கள். தான் போடாத டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் மாமாவின் டயாலிசிஸ் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சிஸ்டர் கிளாஸ்ல சொன்னாங்க மேடம். நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

வகுப்பு முடியும் வரை இருந்தாளா என்று என்னைக் கேட்டார்கள். "இருந்தாங்க மேடம்" என்று சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் சூப்பரின்டென்டன்ட் ராஜகுமாரி மேடத்திடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இதை எழுதிக் கொடுத்தால் அந்த ரெஜிஸ்டரில் இருக்கிற எல்லோர் கையெழுத்தையும் தோண்டுவார்கள், வார்டையே மூட வேண்டிவரும் என்றார். "உங்க வீட்டுக்காரரையும் யோசிச்சுக்கோங்க சௌந்தரி" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நான் யோசித்தேன். பூந்தமல்லி வரை மூன்று இடங்களில் டயாலிசிஸுக்குக் கேட்டேன். பெயரை எழுதிக்கொண்டார்கள், இன்றுவரை கூப்பிடவில்லை. இரண்டு தடவை தவறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

கண்ணம்மாவைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். என்னைத் திட்டினால் தேவலை என்று போனேன். "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். அது பாவம், எங்கூடவே குந்திகினு ஐஸு வெச்சுகினே இருந்துச்சு" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கவுன்சிலுக்கு எழுதிவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி ரெனிதாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிவை நிறுத்தினால் நீ அங்கே அவளுக்குப் பேசி வைத்திருக்கும் வேலை போகும், இங்கேயும் யாரும் எடுக்க மாட்டார்கள். இருபத்து மூன்று வயது.

இந்தக் கவருக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. நடந்தது அத்தனையும் என் பெயர், பதிவு எண் போட்டுக் கவுன்சிலுக்கு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தபாலாபீஸ் வரை இரண்டு தடவை கொண்டுபோனேன். இரண்டாம் தடவை உன் அண்ணன் போன் பண்ணி, வரும்போது கழுத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாங்கி வா என்றார். பிளாஸ்திரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போட்டோ எடுத்து மெயிலில் போட்டாலே போதும், முகவரி தாளின் பின்னால் இருக்கிறது. அவள் உன் மகள். அவர் உன் அண்ணன். இந்த முடிவை உன் தலையில் கட்டுவது எவ்வளவு ஈனம் என்று தெரிந்துதான் கட்டுகிறேன். அனுப்பினாலும் கண்ணம்மாவுக்கு விரல் வரப்போவதில்லை. என்னால் முடியவில்லை ஹெலினா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ எதைச் செய்தாலும் அண்ணியை மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லாதே. இன்றைக்கும் காலையில் அத்தை என்று கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் என்மேல் கோபப்பட வேண்டும். அம்மா கோபப்பட்டால்தான் அவளுக்கும் வரும்.

கர்த்தர் உன் பிள்ளையைக் கைவிடாமல் இருப்பாராக. நான் கைவிட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
ஞானசௌந்தரி