கார் கேட்ட வீட்டுக்கு ஒரு மாடு

செட்டியாரண்ணே,

இன்று காலை டை கட்டிய ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். என் மகனுக்கு பேங்கில் கடன் தயாராக இருக்கிறதாம், கையெழுத்துப் போட்டால் போதுமாம். எங்கள் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் போன பிறகு உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் கடன் கொடுக்குமுன் அடுப்படி வரை வந்து பார்த்தவர்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்தைய மாதங்கள் அவை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவராக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு தோட்டத் துரையின் கறுப்புக் கார் மேல் ஆசை. மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி டாக்சி ஓட்டலாம் என்று உங்கள் வட்டிக்கடையில் கடன் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நீங்கள் சுற்றிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டீர்கள். கண்ணெல்லாம் அரிசி டின் மேல்.

“மளிகைக் கடையில பாக்கி இருக்கா தங்கச்சி?”

“இருக்கு. எதுக்குக் கேக்கிறீங்க?”

“சும்மாத்தான்.”

சும்மா கேட்கிற ஆளா நீங்கள்? சுதந்திரம் வந்ததும் செட்டிமார் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். வீட்டு நிலத்தின் கிராண்ட் பத்திரம் என் பெயரில் இருந்தது, அப்பா கொடுத்தது. அதன் மேல்தான் உங்களுக்குக் கண் என்று நினைத்தேன். நீங்கள் போனதும் முதல் வேலையாகப் பத்திரத்தை இடம் மாற்றி வைத்தேன்.

கடன் கிடையாது என்று சொல்லிவிட்டீர்கள். அவருக்கு வந்த கோபம்! கூட வேலை செய்த டிரைவர் ஒருவர், “புக்கிட் ரம்பாய்ல வட்டிக்கு விடுறவர் ஒருத்தர் இருக்காரு. கிராண்டை வெச்சா ஒண்ணும் கேக்காம அன்னிக்கே தருவாரு” என்றார். ஒன்றுமே கேட்காமல் தருகிறவன் மேல் எனக்கு இன்னும் அதிகச் சந்தேகம். நேரே உங்கள் கடைக்கு நடந்தேன்.

“கடன் இல்லைன்னு ஏன் சொன்னீங்க? எங்க நிலத்து மேல கண்ணா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் பதறவில்லை.

“நிலத்தை வெச்சு நான் என்ன பண்ண? கோர்ட்டுக்கு அலையணும். குடுத்த காசும் வட்டியும் வந்தாப் போதும். மளிகைப் பாக்கியையே அடைக்க முடியாத சம்பளத்துல காருக்குத் தவணை எங்கேருந்து வரும்? நல்ல காரை அந்தத் துரை ஏன் இப்படி மலிவாத் தள்ளிவிடுறாரு?”

“எங்களை நம்பலைன்னு சொல்லுங்க.”

“நம்பலை. நீங்க என்னை நம்புறீங்களா?”

“இல்லை.”

“அப்பச் சரி. ரெண்டு பேரும் கண்ணைத் தொறந்துக்கிட்டே பேசலாம். உங்களுக்கு என்ன வேலை தெரியும்?”

மாடு பார்க்கத் தெரியும் என்றேன். ஒரு கறவை மாட்டுக்கு மட்டும், என் பெயரில், பணம் தந்தீர்கள். கிராண்டைக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“கார் கேட்டா மாடு தர்றானா?” என்று அவர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். நான் பால் ஊற்றும் தேநீர்க் கடைகளில் நீங்கள் தேநீர் குடிக்க ஆரம்பித்தீர்கள். தண்ணீர் கலக்கிறேனா என்று பார்க்கத்தானே? நானும் உங்கள் ஒவ்வொரு ரசீதையும் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் காட்டிச் சரிபார்த்தேன்.

அந்தக் காரை, யோசனை சொன்ன அந்த டிரைவர் சிநேகிதரே புக்கிட் ரம்பாய்க் கடனில் வாங்கினார். செங் ஊருக்குப் போகிற சாலையில் அது அடிக்கடி நின்றது. ரிப்பேர் சம்பளத்தைத் தின்றது, கடன் வீட்டைத் தின்றது. அவர்கள் சட்டி பானைகளோடு லாரி ஏறிய அன்று என் வீட்டுக்காரர் சாமான் தூக்கப் போனார். திரும்பி வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார். அதன்பிறகு பால் கறக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

சில வருடம் கழித்து நீங்கள் கடையை மூடிக்கொண்டு ஊர் திரும்பினீர்கள். அங்கேயே காலமானதை யாரோ சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் நல்லவரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வட்டியில் ஒரு காசு குறைத்தவரில்லை.

ஆனால் கடைசித் தவணை கட்டிய நாள் என்னோடு இருக்கிறது. கடன் சீட்டை என் கண்ணெதிரே கிழித்தீர்கள். நான் துண்டுகளை வாங்கி, மேசைமேல் பொருத்திவைத்து, என் கையெழுத்துதானா என்று பார்த்தேன். கணக்குப்பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நான் பார்த்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தீர்கள்.

“சரியா இருக்கா தங்கச்சி?”

“இருக்குண்ணே.”

என் சந்தேகம் தீரும்வரை அப்படிக் காத்து நின்ற வேறொருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.