பெரிய டேப்லெட்டும் என் பாம்புச்செவியும்

மார்ச் 3, செவ்வாய்

கம்பெனிப் பேருந்தில் இன்றும் டேப்லெட் மக்கர் பண்ணியது. வயலினைச் சேர்த்ததும் கரகரவென்று இரைந்தது, பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி திறப்பதற்குள் மருந்துக் கம்பெனி வாசல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாள் முழுக்க மாத்திரை அட்டைகளில் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

போக ஒரு மணி, வர ஒரு மணி. இதுதான் என் ஸ்டூடியோ. வீட்டுக்குப் போனால் அடுப்பு, துணி, மாமனாருக்கு மருந்து. கடை விளம்பரத்துக்கும் குழந்தைப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டவரை இந்தச் சின்ன டேப்லெட் போதுமாக இருந்தது. இப்போது முதல்முறையாக ஒரு படம். ஒரு மணி நேரப் படம்தான், இருந்தாலும் படம். மூடிக்கிடக்கும் தொழிற்சாலையைத் தனியாகக் காவல் காக்கும் ஒரு பெண்ணின் கதை. இது நன்றாக வந்தால் இயக்குநர் அடுத்ததற்கும் என்னையே கூப்பிடுவாள். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை அட்டைதான்.

பெரியதாக, வேகமானதாக ஒன்று வாங்கலாமா?

மார்ச் 6, வெள்ளி

இணையத்தில் படித்துப் படித்து மண்டை காய்ந்துவிட்டது. பெரிய திரையும் வேகமான சிப்பும் இல்லாமல் இசைப் பக்கமே வராதீர்கள் என்கிறார் ஒருவர். கையில் தூக்க முடியாததை வாங்கிவிட்டுப் போகிற இடத்தில் இசை செய்கிறேன் என்று சொல்லாதீர்கள், அதற்கு லேப்டாப்பே வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டும் சரி என்றே படுகிறது. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் கட்சி நான்.

பெரியதில் கீபோர்டும், சத்தங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரும் ஒரே நேரத்தில் தெரியும். சின்னதில் ஒன்றை மூடினால்தான் இன்னொன்று. ஆனால் பெரியது என் மடியில் நிற்குமா? பக்கத்து இருக்கைக்காரி, கணக்குப் பிரிவில் வேலை, இப்போதே என் முழங்கை இடிக்கிறது என்று முறைக்கிறாள்.

கணவரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதையும் ஒரு விசிலில் முடித்துவிடுவார். "வேணும்னா வாங்கு, வேண்டாம்னா விடு. சும்மா புலம்பாத" என்றார். இது ஒரு பதிலா?

மார்ச் 10, செவ்வாய்

இயக்குநர் போன் பண்ணினாள். முதல் இருபது நிமிடத்துக்கான இசையைக் கேட்டாளாம். "மெட்டு பிரமாதம்க்கா. ஆனா சத்தம் ரொம்பக் கூர்மையா இருக்கு. காதுல குத்துது."

சுருக்கென்றது. குத்துகிறதா? எனக்கு எல்லாம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போலல்லவா கேட்கிறது? அதனால்தானே கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை அவ்வளவு ஏற்றினேன்?

பிறந்த வீட்டில் எனக்குப் பாம்புச்செவி என்றே பெயர். மாடியில் யார் பேசினாலும் கீழே இருந்துகொண்டு ஒப்பிப்பேன். என் முன்னால் யாரும் ரகசியம் பேச மாட்டார்கள். என்னிடம் வந்து காதில் குத்துகிறது என்றால்? இது இந்த ஓட்டை டேப்லெட்டின் வேலை. எனக்கு ஒன்றைக் கேட்கவைத்து அவளுக்கு வேறொன்றை அனுப்புகிறது.

முடிவு பண்ணிவிட்டேன். பெரியது.

மார்ச் 14, சனி

வாங்கியாச்சு! போனஸ் போன இடம் தெரியவில்லை. இப்போதைக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை.

என்ன வேகம்! எத்தனை வாத்தியம் சேர்த்தாலும் அசரவில்லை. தொட்ட மாத்திரத்தில் ஒலிக்கிறது. திரையில் எல்லாமே ஒருசேர விரிந்து கிடக்கிறது. அடியில் ஒரு வரைபடம் வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது. இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் போகப் போகக் கீச்சுச் சத்தம், எது எவ்வளவு என்று மேடு மேடாகக் காட்டும். சின்னதில் இதைத் திறந்தால் மற்றதெல்லாம் மறைந்துவிடும் என்று நான் திறந்ததே இல்லை.

"காய் நறுக்குற பலகை மாதிரி இருக்கே" என்றார் கணவர். இருக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

பேருந்தில் முதல் நாள். பிரேக் போட்டதும் வழுக்கிக்கொண்டு போய் முன் இருக்கையில் இடித்தது. நெஞ்சே நின்றுவிட்டது. ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, இரண்டு கையாலும் பிடித்தால் எதை வைத்து வாசிப்பது? கடைசியில் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் சாய்த்து, முட்டியால் முட்டுக்கொடுத்து... கணக்குப் பிரிவுக்காரி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

வீட்டில் இருந்தால் பெரியது சொர்க்கம். பேருந்தில் இருந்தால் சின்னதே தேவலை. ஆனால் வீட்டில் எனக்கு நேரம் ஏது? அப்படியானால் யாருக்காக வாங்கினேன்?

மார்ச் 19, வியாழன்

மாமனாருக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது, சத்தமே போடவில்லை. பேட்டரி மாற்றினேன், அப்போதும் இல்லை. "அது அப்பவே அடிச்சிடுச்சும்மா, எடு" என்றார் மாமனார். காய்ச்சலில் ஏதோ சொல்கிறார் பாவம்.

மார்ச் 22, ஞாயிறு

சண்டை.

புதியதில் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடத்தில் முகத்தைச் சுளித்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணாடியில ஆணியால கீறுற மாதிரி..."

"விசில் ஊதி ஊதி உங்க காது போயிடுச்சு. உங்ககிட்ட காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன்.

அவர் எழுந்து போய்த் திறந்து கிடந்த ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார். "இது எவ்வளவு நேரமா கத்துது, மூடக்கூடாதா?" என்றார். நானா திறந்து வைத்தேன்? எது கத்தியது? எதுவும் புரியவில்லை. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறாரா?

மார்ச் 24, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 30, திங்கள்

இயக்குநர் மறுபடி. ஜாக்கிரதையாகப் பேசினாள், அதுவே பயமாக இருந்தது.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அந்தப் படிக்கட்டுக் காட்சி இருக்கில்ல, அவ முதல் தடவையா பயந்துபோய் உக்காந்திருக்கறது. அதுக்கு ஏன் இசை போட்டீங்க?"

"பின்ன? அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே இல்லாம வெறுமனே கிடக்கே."

"வெறுமனே இல்லக்கா. சில்வண்டு கத்துதே. அந்தச் சத்தம்தான் அந்தக் காட்சியே. அதுக்காகவே நாலு நாள் அங்க போய்ப் பதிவு பண்ணோம். நீங்க அது மேல மூடிட்டீங்க."

எனக்கு வந்த படத்தில் சில்வண்டும் இல்லை, எறும்பும் இல்லை. சத்தம் இல்லாத பிரதியை அனுப்பிவிட்டு என்னைக் குறை சொல்கிறாள். மறுபடி அனுப்பச் சொன்னேன், கொஞ்சம் காட்டமாகவே.

ஏப்ரல் 1, புதன்

புதிய பிரதியும் அப்படியேதான். அந்தப் பெண் உட்காருகிறாள், படிக்கட்டில் செருப்பு உராய்வது கேட்கிறது, பெருமூச்சு கேட்கிறது. பிறகு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயம். அடியில் ஓடும் அந்த வரைபடத்தில், வலது ஓரத்தில், ஒரு மேடு துடித்துக்கொண்டே இருக்கிறது. எழும்புகிறது, அடங்குகிறது, எழும்புகிறது. சத்தத்தை ஏற்றினால் அதுவும் உயர்கிறது. காட்சி முடிந்ததும் காணாமல் போகிறது.

அப்படியென்றால் சத்தம் உள்ளே இருக்கிறது. வெளியே வரவில்லை. படம் மட்டும் வரைகிறது. ஸ்பீக்கர் கோளாறு! இயர்போனிலும் வரவில்லையே, அப்படியானால் உள்ளேயே ஏதோ கோளாறு. இவ்வளவு பெரியதை வாங்கியும் என் தலையெழுத்து.

சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

கடைக்காரர் இயர்போனை மாட்டினார். கண்ணை மூடினார். "சில்வண்டுதான மேடம்? நல்லாக் கேக்குதே. பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு."

அவரிடமிருந்து பிடுங்கி நான் மாட்டினேன்.

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 4, மறுபடி

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. தெர்மாமீட்டர். ஃபிரிட்ஜ். காதில் குத்துது, காதில் குத்துதுன்னு எல்லாரும் சொன்னாங்களே. எனக்குக் கேக்கலைன்னுதானே நான் ஏத்திக்கிட்டே போனேன்? ஐயோ, எத்தனை மாசமா? எத்தனை வருஷமா? இதுவரைக்கும் போட்டதெல்லாம் எப்படி இருந்திருக்கும்?

இல்லை. சளியாக இருக்கும். காதில் அழுக்கு அடைத்திருக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கணவரிடம் சொன்னேன். கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். "ரெண்டு மூணு வருஷமாவே பின்னாலேர்ந்து கூப்பிட்டா நீ திரும்பறதில்ல. கோவமா இருக்கேன்னு நினைச்சேன்" என்றார். இத்தனை நாள் என் கோபத்துக்குப் பயந்து பேசாமல் இருந்தாராம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஏப்ரல் 8, புதன்

காது பரிசோதனை. பஞ்சு மெத்தை அடித்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் பரிசோதனை செய்யும் பெண். முதலில் டக் டக்கென்று அழுத்தினேன். அப்புறம் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் ஆகியது. கதவைத் திறந்து, "மெஷின் நின்னுபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. முடிஞ்சிடுச்சு, வாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாக: சாதாரணப் பேச்சுக்குப் பெரிய குறையில்லை. உச்சத்தில் இருக்கும் சத்தங்கள் போய்விட்டன. திரும்ப வராது. "பஸ் இரைச்சலுக்கு மேல கேக்கணும்னு இயர்போன்ல சத்தத்தை ஏத்தி வெப்பீங்களா?" ஆமாம். "எத்தனை வருஷமா?" விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் பேருந்தில் இனி இயர்போனே கூடாதாம்.

அவருக்கு அது இயர்போன். எனக்கு அதுதான் ஸ்டூடியோ.

ஏப்ரல் 10, வெள்ளி

இயக்குநரிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். காது போன இசையமைப்பாளரை யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாமல் சமாளிக்கலாம். வரைபடத்தைப் பார்த்து வலது பக்கத்தை இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியுமே.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். போனில் நெடுநேரம் சத்தமில்லை. இதுவும் எனக்குக் கேட்காத சத்தமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகு, "நான் கொஞ்சம் யோசிக்கணும்க்கா" என்றாள். நியாயம்தான். இருந்தாலும் வலித்தது.

ஏப்ரல் 15, புதன்

பேருந்தில் இயர்போன் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேருந்து இவ்வளவு இரைகிறதா! கணக்குப் பிரிவுக்காரி, "என்ன, உடம்பு சரியில்லையா? இன்னைக்கு இடிக்கவே இல்லையே" என்று கேட்டாள். நடந்ததை அவளிடம் கொட்டினேன். இறங்கும்போது என் கைப்பையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 18, சனி

இயக்குநர் வீட்டுக்கே வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "மெட்டு உங்களோடதுதான்க்கா, அதுல ஒண்ணும் மாறல. ஆனா கடைசி மிக்ஸிங் வேற ஒருத்தர் பண்ணட்டும்."

சரி என்றேன். மனம் சரி என்று சொல்லவில்லை. என் குழந்தைக்கு வேறு யாரோ தலைவாரிவிடப் போகிறார்கள். ஆனால் குழந்தை என்னோடுதான் இருக்கிறது.

அவள் போன பிறகு படிக்கட்டுக் காட்சியைத் திறந்து, நான் போட்ட இசை முழுவதையும் அழித்தேன். திரையில் வலது ஓரத்து மேடு மட்டும் மிஞ்சியது. கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "என்ன கேக்குதோ சொல்லுங்க" என்றேன். "கத்துது... நிறுத்துது... இப்ப ரெண்டு மூணா கத்துது" என்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒத்துப்போனது.

ஏப்ரல் 27, திங்கள்

பேருந்தில் சத்தமே இல்லாமல் வேலை செய்கிறேன். சுரங்களைப் பெரிய திரையில் கட்டம் கட்டமாக வைக்கிறேன். மனசுக்குள் ஓடுவதைத்தான் எழுதுகிறேன், வீட்டுக்கு வந்து குறைந்த சத்தத்தில் சரிபார்க்கிறேன். முன்னைவிடக் குறைவான வாத்தியங்கள்தான் சேர்கின்றன. சின்னத் திரையில் இது நடந்திருக்காது. ஆனால் மணிக்கட்டு வலி அப்படியே இருக்கிறது, பிரேக் போட்டால் இன்றும் நெஞ்சு நிற்கிறது. பெரியது வாங்கியது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? இன்னும் தெரியவில்லை.

மே 23, சனி

படம் திரையிட்டார்கள். சின்ன அரங்கம், பாதி பேர் இயக்குநரின் உறவினர்கள். என் பெயர் வந்தபோது கணவர் விசிலடித்துவிடுவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

படிக்கட்டுக் காட்சி வந்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள், பெருமூச்சு விட்டாள். பிறகு எனக்கு எல்லாம் நின்றுபோனது. சுற்றிப் பார்த்தேன். முன்வரிசையில் ஓர் அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இருமிக்கொண்டிருந்தவர் இருமலை அடக்கினார். கணவர் தலையை லேசாகச் சாய்த்து, அசையாமல் இருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று அவர் காதோரம் கேட்டேன்.

"இரு, சொல்றேன். முடியட்டும்" என்றார்.

காத்திருந்தேன்.