ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டு வினாடி

மார்ச் 2, ஞாயிறு

தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று பரண் மேல் ஏறிய மகள், இறங்கும்போது அந்த அட்டைப்பெட்டியோடு இறங்கினாள். பெட்டி மேல் என் கையெழுத்து: ‘ரயில் சாமான். தொட வேண்டாம்.’

“நாலு வருஷமா யாரும் தொடல. போதும்” என்றாள்.

மேலேயே வை என்றேன். வைப்பாளா? அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

“நாள் பூரா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அந்தச் சுவத்துல ஒரு ரயிலாவது ஓடட்டும். ஞாயித்துக்கெழமைல நான் வந்து கூடமாட வேலை செய்யறேன்.”

அவளுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. நடுவழியில் நின்றுபோன லிப்ட்டிலிருந்து ஆட்களை வெளியே எடுத்து எடுத்து, அப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? அவள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

மார்ச் 5, புதன்

பின்னறையை அளந்தேன். நீளம் பதினோரடி, அகலம் ஒன்பது, கதவு இரண்டேமுக்கால். சுவரில் பழைய திருகாணி ஓட்டைகள் இருபத்திரண்டும் அப்படியே இருக்கின்றன.

பொம்மை ரயில் ஓடிய பழைய மேசை நாலு சுவரையும் சுற்றி வந்தது. கதவுக்கு முன்னாலும் பலகை. உள்ளே போக வேண்டுமானால் குனிந்து, பலகைக்கு அடியில் தவழ்ந்து, நடுவில் போய் எழுந்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரி என் மனைவி, எப்படி வருவாள்? “ஒரு ஆள் நிமிந்து வர்ற மாதிரி வழி வெச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள் ஒரு நாள். “நீ உள்ள வந்து என்ன பண்ணப் போற?” என்றேன். பெரிய ஹாஸ்யம் என்று நினைப்பு எனக்கு. பதினாறு வருஷம் வாசலில் நின்றபடியே டீ டம்ளரை ஸ்டேஷன் கூரை மேல் வைத்துவிட்டுப் போனாள். இன்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். கூரையில் டம்ளரின் வட்டம் இன்னும் இருக்கிறது.

அவள் சமையலறையில் விழுந்த மத்தியானம், நான் அந்த மேசைக்கு நடுவில் இருந்தேன். ரயில் சத்தத்தில் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. மகளிடம் அப்படித்தான் சொன்னேன். டாக்டரிடம், சொந்தக்காரர்களிடம், துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

கேட்டது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டி, அறையை அளவுப்படி வரைந்தே கொண்டு வந்துவிட்டாள். நாலு சுவரையும் சுற்றி ஒரு பாதை. கதவுக்கு முன்னால் மட்டும் கீல் வைத்த பலகை, தூக்கினால் வழி கிடைக்கும். என் பழைய வரைபடத்தைவிட இது நேர்த்தி.

“சுத்து வேண்டாம்” என்றேன்.

“என்னது?”

“ஒரே சுவர் போதும். இந்த மூலைல ஒரு ஸ்டேஷன், அந்த மூலைல ஒண்ணு. போகும், நிக்கும், திரும்பி வரும்.”

“அதுக்கு எதுக்குப்பா ரயிலு? ஒரு பொம்மை ஆட்டோ வாங்கி உருட்டலாமே.”

“முப்பத்தோரு வருஷம் டிப்போல பஸ்ஸுக்கு டைம் எழுதினவன் நான். வண்டின்னா போய்ச் சேரணும். சேந்தா நிக்கணும்!”

குரல் உயர்ந்துவிட்டது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். பிறகு ரப்பரை எடுத்து மூன்று சுவரையும் அழித்தாள்.

மார்ச் 12, புதன்

டிப்போவில் எனக்கு நேரக்காப்பாளர் என்று பெயர். நாலு நிமிஷம் பிந்தி வந்த டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இன்று என்னை நிற்க வைத்துக்கொள்கிறேன்.

அன்று “என்னங்க” என்றாள். எப்போதும் கூப்பிடுகிற குரல்தான். “இதோ, ஒரு சுத்து” என்றேன். பதினான்கு பெட்டி சரக்கு வண்டி, முதல் தடவையாகத் தடம் புரளாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டு வினாடி. இரண்டாவது சுற்றில் மறுபடி “என்னங்க” — கொஞ்சம் மெதுவாக. மெதுவாகக் கூப்பிட்டால் அவசரமில்லை என்றுதானே நினைப்போம்? நினைச்சேனா? எங்க நினைச்சேன். பெட்டிங்களைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். மூணு சுத்து. அப்புறம்தான் குனிஞ்சு, தவழ்ந்து, வெளிய வந்து —

ரெண்டு நிமிஷம் இருபத்து நாலு வினாடி. உடனே போயிருந்தா பொழச்சிருப்பாளான்னு டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல. கேட்டா சொல்லிடுவாரே.

மார்ச் 15, சனி

ரயில் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கண்ணில் மாட்டிய லென்சைக் கழற்றாமலே ஆளைப் பார்ப்பார். பல்லிடுக்கு வரை தெரிகிறதோ என்னவோ. “எங்க சார் காணாமப் போயிட்டீங்க? வீட்டுல தடா போட்டுட்டாங்களா?” என்றார்.

“அவங்க இப்ப இல்ல” என்றேன். லென்சைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு கேலி எதுவும் பேசவில்லை. இன்ஜினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எண்ணெய் உறைஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. நல்ல ஜாதி சார் இது. ஓடறதே தெரியாது” என்று மட்டும் சொன்னார்.

ஓடறதே தெரியாது. வீடு வந்து சேரும்வரை அதுவே காதில்.

மார்ச் 18, செவ்வாய்

பலகையின் உயரம் மூன்றரை அடி என்று முடிவு செய்தேன். நின்றும் பார்க்கலாம், நாற்காலி போட்டும் பார்க்கலாம். கதவுப் பக்கம் வெறுமையாக இருக்கும். யாரும் குனிய வேண்டாம். இப்போது தோன்றி யாருக்கு என்ன?

மார்ச் 23, ஞாயிறு

பலகை ஏறியது, தண்டவாளமும் பதித்தாயிற்று. மகள் ரசமட்டத்தை வைத்து, “அரை நூல் சாய்ஞ்சிருக்கு” என்று இரண்டு தடவை கழற்ற வைத்தாள். மத்தியானம் சிரித்துவிட்டேன், வாய்விட்டு. உடனே வெட்கமாக இருந்தது.

ஒரு ஸ்டேஷனுக்கு அம்மா பெயரை வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த என் கை துணியாது. அவள் அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறத்தை மட்டும் பூசினோம்.

மார்ச் 30, ஞாயிறு

பூதக்கண்ணாடி இன்ஜினைக் கொடுத்துவிட்டார். மகள்தான் குமிழைத் திருப்பினாள். ஓடியது. போய் நின்றது, திரும்பி வந்தது. குழந்தைபோலக் கைதட்டினாள். “நீங்க ஓட்டுங்க, டீ போட்டுட்டு வரேன்” என்று சமையலறைக்குப் போனாள்.

அங்கிருந்தே கேட்டாள். “அப்பா, சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு” என்றேன்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. டீ இல்லாமலே திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

“சத்தமே இல்லையேப்பா.”

“இப்பதான் சரி பண்ணியிருக்கு. அப்ப... சத்தம் போட்டுது.”

இன்ஜினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாள் பூரா மோட்டாரோடு குப்பை கொட்டுகிறவள். அவளிடம் போய் நான் கதை விடுகிறேன். தண்டவாளத்தில் திரும்ப வைத்தாள். சக்கரம் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். தண்டவாளத்துக்கு ஓரத்தில் சரளை ஒட்டிக்கொண்டிருந்தோம். “உங்கம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்டுது” என்றேன். அவள் கை நின்றது. நிமிரவில்லை.

“எத்தன தடவ கூப்ட்டாங்க?”

“ரெண்டு.”

“நீங்க எத்தன சுத்து விட்டீங்க?”

“மூணு.”

பசைக் குப்பியை இறுக்கி மூடினாள். கை கழுவினாள். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது, “நாலு வருஷமா அந்தச் சத்தத்த நெனச்சு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன்பா” என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போன் செய்தேன். “வேலைல இருக்கேன். அப்புறம் பேசறேன்” என்றாள். பின்னால் ஆள் நடமாடும் சத்தமே இல்லை. வீட்டில்தான் இருந்தாள்.

பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாமோ? சொன்னது அவளுக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா? அவ தலைல ஏத்திட்டேனே. பாவம், அவ என்ன பண்ணா?

மே 3, சனி

இன்ஜினைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்தேன். இறக்கியவள் அவள். ஏற்றச் சொன்னால் ஏற்றுகிறேன். அதுவரை தூசி தட்டிக்கொண்டிருப்பேன்.

மே 11, ஞாயிறு

காலையில் வேலைப் பையோடு வந்தாள். இளைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்றதற்குத் தலையாட்டினாள். பின்னறையிலிருந்து சமையலறைவரை சுவரோரமாகக் கம்பி இழுத்தாள். நான் ஏணியைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை, “அந்தத் திருப்புளி” என்பதைத் தவிர.

லிப்ட்டுக்குள் இருக்குமே, அவசரத்துக்கு அமுக்குகிற சிவப்புப் பொத்தான். அதில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் அமுக்கினால் பின்னறையில் மணி அடிக்கும், மின்சாரம் அறுந்து வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுபடி ஓட வேண்டுமானால் சமையலறைக்குப் போய் அந்தப் பொத்தானை இழுத்துத்தான் விட வேண்டும். அறையிலிருந்தபடி ஒன்றும் செய்ய முடியாது.

பொத்தானைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தினாள்.

“இவ்வளவு கீழயா?”

“விழுந்தா எட்டணும்ல.”

யார் விழ, யார் அமுக்க? இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்.

“போய் ஓட்டுங்க” என்றாள்.

ஓட்டினேன். பச்சை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிப் பாதி வழிகூடப் போயிருக்காது. மணி அடித்தது. வண்டி நின்றது. குமிழை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். குனிய ஒன்றும் இல்லை, தவழ ஒன்றும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், அவள் அம்மா விழுந்து கிடந்த அதே இடத்தில். முதுகு சுவரில், கை பொத்தான் மேல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லப்பா. வரீங்களான்னு பாத்தேன்.”

ஒன்பது வினாடி ஆகியிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பொத்தானை இழுத்துவிட அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.