அக்கா தனக்கா பூசிய பாதம்

என் உயிரான பார்வதி அக்காவுக்கு,

என் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

யாங்கோனில் நம் அலோன் பேட்டை மாதா கோவில் படம் உனக்கு மறந்திருக்காது. ஐரோப்பாவில் எவரோ வரைந்து, கப்பலில் வந்த மாதாவும் குழந்தையும். நாம் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் நீ சனிக்கிழமை தவறாமல் அங்கேயும் போவாய். கோடை வந்தால், பர்மாக்காரர்கள் வெயிலுக்குப் பூசும் தனக்கா கட்டையைச் சந்தனம்போலக் கல்லில் உரசி எடுத்துப் போய், மாதாவின் பாதத்தில் பூசிவிட்டுத்தான் உன் கன்னத்தில் பூசுவாய். ஏன் என்று கேட்டால், "குளிர் தேசத்துக்காரிடா, இந்த வெயில் அவளுக்குக் காந்தாதா?" என்பாய். உன்னைப் பார்த்து நம் தெருப் பெண்கள் எல்லோரும் பூசினார்கள்.

மெழுகுவர்த்திப் புகையில் படம் கறுத்தே போயிற்று. பழைய ஓவியங்களைக் காக்க உதவும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, அதைச் சுத்தம் செய்யவும், படத்தை விளக்கிப் பலகை வைக்கவும் முன்வந்தது. கும்பிட வருகிறவர்களின் மொழியெல்லாம் பலகையில் இருக்க வேண்டும் என்றார்களாம். தமிழும் உண்டு என்று ஃபாதர் சொன்ன வாரமே பிள்ளையார் கோவில் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்துப் பிள்ளைகள் பர்மியத்தில் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இடம் விட்டார்கள்.

படத்தைச் சரிசெய்ய வந்தவள் மா தீரி என்ற பர்மியப் பெண். பாதத்தில் தனக்கா படிந்து வண்ணம் உரிந்திருந்ததைக் காட்டி, யார் இதைப் பூசியது என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படத்தைக் கெடுத்தவள் என்று உன்னைப் பலகையில் எழுதிவிடுவார்களோ என்று பயந்து முன்னால் போய் நின்றேன்.

"எங்க அக்காதாம்மா ஆரம்பிச்சது. கெடுக்கணும்னு இல்ல, வெயிலுக்காக" என்று பர்மியத்திலேயே சொன்னேன்.

அவள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அதிலும் தனக்கா. "நானும் வெயிலுக்குத்தான் பூசியிருக்கேன், ஊ ராசு" என்று, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அவளே அறக்கட்டளைக்காரர்களிடம் பேசினாள். உரிந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு, சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் நகத்தளவு தனக்காவை அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. அதுவும் படத்தின் கதைதான் என்றார்களாம்.

போன ஞாயிறு திறந்தார்கள். அக்கா, குழந்தை கையில் மாங்காய் என்று அடித்துச் சொல்வாயே? மாங்காய் இல்லை, குருவி! முகத்தில் சிவப்புள்ள குருவி. அந்தப் பிள்ளை வளர்ந்து சிலுவையில் படப்போகும் பாடுகளுக்கு அது அடையாளமாம். பலகையிலேயே இருக்கிறது. நீ உயிரோடு இருந்தால் ஒப்புக்கொள்வாயா?

தமிழ்ப் பகுதியை ஃபாதர் என்னை வாசிக்கச் சொன்னார். எழுத்தெழுத்தாக வாசித்தேன். அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த வெளிநாட்டு அம்மாளும் பொறுமையாக நின்றார். "வெயில் தாங்காது என்று அலோன் தமிழ்ப் பெண்கள் மாதாவின் பாதத்தில் தனக்கா பூசினார்கள். அதில் சிறிது இங்கே காக்கப்பட்டுள்ளது." அந்த இடத்தில் என் குரல் தானாகவே பெரிதாகிவிட்டது.

உன் பேர் பலகையில் இல்லை அக்கா. அதனால் இனி சனிக்கிழமைதோறும் அதன் பக்கத்தில் நிற்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். கடைசி வரி முடிந்ததும், அதில் இல்லாத ஒரு வார்த்தையையும் சேர்த்து வாசிப்பேன்: பார்வதி.

மாங்காய்ச் சண்டையில் கடைசியில் ஜெயித்த உன் தம்பி,
ராசு
அலோன், யாங்கோன்