பத்தாம் பதிப்பில் இருந்த வரி

என் பிரியமான அண்ணா,

உன் நாற்காலியில்தான் இப்போது உட்காருகிறேன். நீ சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோய்விட்டதால் எனக்கு இந்த டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வாழ்த்துச் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் வேலையே உன் காகிதங்கள். அணையின் நீர்மட்டத்தைக் கணிக்கும் உன் புரோகிராமுக்கு நீ எழுதிய விளக்கங்களை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது. யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்று எல்லாப் பதிப்புகளையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். உனக்குப் பிடித்திருக்குமோ?

“கடைசிப் பதிப்பு மாத்திரம் போதுமல்லோ மோளே, பழசெல்லாம் எதுக்கு?” என்றார் ஆபீசர் மாதவன் சார், மலையாளம் கலந்த தமிழில்.

“இருக்கட்டும் சார், எல்லாத்தையும் ஏத்திருதேன்” என்றேன். பாசத்தில் சொன்னதல்ல. கைக்கு வேறு வேலை இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ சித்திரையில் போனாய். ஆனி மழையில், ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய பிறகுதான் இங்கிருந்து எச்சரிக்கை போனது. புரோகிராம் தப்பாகக் கணித்ததாம். எல்லோரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். அம்மா காதிலும் விழுந்தது.

பதினொரு பதிப்புகளையும் ஏற்றிய பின், கடைசி இரண்டையும் ஒப்பிடச் சொல்லி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தேன். பத்தில் இருந்த, பதினொன்றில் விடுபட்ட ஒரே ஒரு இங்கிலீஷ் வரி திரையில் வந்து நின்றது. அணையில் நீர்மட்டம் அளக்கும் அளவுகோலை மாற்றினால் புரோகிராமில் உள்ள இந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். பதினொன்று, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ சுத்தமாக டைப் செய்த பிரதி. வைகாசியில் அளவுகோலை மாற்றியிருக்கிறார்கள்; எண்ணை யாரும் மாற்றவில்லை.

மாதவன் சார் இரண்டு தரம் படித்தார். “ஐயோ, அவன் எழுதி வெச்சிட்டல்லோ போயிருக்கான்!”

தப்பு உன்னுடையது இல்லை என்று அன்றைக்கே மேலிடத்துக்குக் கடிதம் போனது. நான்தான் டைப் செய்தேன். ஒரு பிழையும் இல்லை. அழுகையும் வரவில்லை. பிறகு அந்த வரியைத் திரும்பச் சேர்த்துப் பன்னிரண்டாம் பதிப்பு போட்டேன். மாற்றியதற்குக் காரணம் கேட்ட இடத்தில், முன்பே இருந்தது என்று அடித்தேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “ஏட்டி, அதுல நமக்குன்னு எதாவது எழுதியிருக்கானா?” என்றாள்.

ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டேன் அண்ணா. இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அவளை ஆபீசுக்குக் கூட்டிவருகிறேன். திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, தமிழில் சொல்கிறேன். அதுவரை அதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பகவதி