பூர்தோன் நின்ற இடம்

மிராந்த், 19 நவம்பர் 1978

அன்பு மகள் மைதேவுக்கு அப்பா எழுதுவது. உடம்பளவில் அம்மாவும் நானும் நலம். மொந்த்ரியால் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. ரெமி மாமா இறந்ததை அம்மா போனில் சொன்னாள், ஆனால் பாதிதான் சொன்னாள். மீதி உனக்கு என் கையெழுத்திலேயே வரட்டும்.

அன்று ஞாயிறு, காட்டுப்பன்றி வேட்டை. வழக்கம்போல மாமா நாய்களோடு காட்டுக்குள் போனார், நாங்கள் பதினோரு பேர் காட்டோரத்தில் துப்பாக்கியோடு நின்றோம். அவர் கொம்பு ஊதும்வரை யாரும் இடம்விட்டு அசையக் கூடாது, அசைந்தால் குண்டு யார் மேல் பாயும் என்று தெரியாது, நீ அறிந்ததுதான். மற்ற நாய்கள் பன்றியை மேற்கே துரத்திக்கொண்டு போய்விட்டன. மாமாவின் நீலப்புள்ளிக் கிழட்டு நாய் பூர்தோன் மட்டும் உள்ளே ஒரே இடத்தில் நின்று அடித்தொண்டையில் குரைத்தது. அடுத்த இடத்தில் நின்ற லூசியன், “என்னண்ணே, பன்னிய மடக்கிருச்சா?” என்று கத்தினான். நான், “பன்னியாவது ஒண்ணாவது, கிழம் பொய் சொல்லுது, பழைய வாடைய மோந்துட்டுக் கத்துது” என்றேன். மோப்பமில்லாமல் குரைக்கிற நாயைப் பொய்யன் என்று கூட்டத்திலிருந்து கழித்துவிடுவோமே. “அப்ப ரெமி மச்சானுக்கும் அதுக்கும் சேத்தே பென்சன் குடுத்துடலாம்” என்று அவன் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். சந்தையில் வாத்துக் கூடையைத் தூக்கினாலே எடை சொல்லுகிற கை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு, அந்தத் திமிரில்தான் நாயின் குரலையும் எடைபோட்டேன்.

நாற்பது நிமிடம் கொம்புக்காகக் காத்து நின்றோம். ஊத வேண்டியவர்தான் உள்ளே விழுந்து கிடந்தார். கொம்பு வராததால் கடைசியில் நான் உள்ளே தேடிப் போய்ச் சேர்ந்தபோது பூர்தோனுக்குக் குரல் போய் வாய் மட்டும் திறந்து மூடியது. மாமாவின் கை அதன் நீளக் காதைப் பற்றியிருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மாரடைப்பு என்று சொன்ன டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாமாவை இழந்து நிற்கிற என் தங்கை, உன் ஒதெத் அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, பூர்தோன் குரைத்தபோது மணி என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டாள். பத்தேகால் என்றேன். “நானும் கேட்டேன் அண்ணே. துணி காயப்போட்டுட்டு இருந்தேன். பன்னி அகப்பட்டுடுச்சுன்னு நெனச்சு பெரிய சட்டியக் கழுவி வெச்சேன்” என்றாள். 

நாய் ஓரிடத்தில் நின்று குரைத்தால் கொம்புக்குக் காத்திராமல் பக்கத்து ஆள் துப்பாக்கியை இறக்கிவைத்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வேட்டைக் கூட்டத்தில் வரும் ஞாயிறு எழுந்து சொல்லப் போகிறேன், ஏன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. பூர்தோன் அத்தையிடமே இருக்கிறது.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். அத்தைக்கு மறக்காமல் போன் செய், ஆனால் மாமா வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிடாதே, நாய் எவ்வளவு நேரம் குரைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

உன் அப்பா,
சில்வேன்